கூவன் என்று பெயர் வைத்த வீடு

கடல் முதன்முதலாகக் கிரிஸலின் வீட்டுக்குள் வந்தது துணி துவைக்கிற ஒரு நாளின் காலையில், கஞ்சியில் உப்பில்லை என்று அவள் புருஷன் முகம் சுளித்துக்கொண்டிருந்த நேரத்தில். வீடு இருந்தது மலைச்சரிவில். கடலோ அங்கிருந்து அரை நாள் நடை. நடுவில் ஒரு காடும், மாடு இறங்கினால் கரையேறாத சேற்றுப் பள்ளமும், நிலப்பிரபுவின் கல்கோட்டையும் இருந்தன. அவை எதுவும் கடலைத் தடுக்கவில்லை, அல்லது கடல் அவற்றின் வழியாக வரவில்லை. அடுப்புச் சுவரின் அடியிலிருந்து அது மெதுவாக ஊறி, நெருப்பை மட்டும் தொடாமல் சுற்றிக்கொண்டு, தரையை நனைத்து, பெஞ்சுக் கால்களைத் தடவி, கணுக்கால் அளவுக்கு ஏறி, சற்று நேரம் நின்று, உச்சிவேளைக்குள் சாப்பிட்டு முடித்த விருந்தாளியைப் போல வந்த வழியே போய்விட்டது. விட்டுப்போனது ஒரு கொத்துச் சிவப்புப் பாசி, கைப்பிடி நத்தை, அடுப்படியில் ஒரு நண்டு.

"கூரை ஒழுகுது போல," என்றான் புருஷன் கில்பர்ட். அவன் எதற்கும் அவசரப்படாத ஆள்.

"கூரை ஒழுகினா நண்டு விழுமாங்க?" என்றாள் கிரிஸல்.

அவன் விரலால் தரையைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். பிறகு குனிந்து, பலகைப் பள்ளத்தில் தேங்கியிருந்த தண்ணீரில் கரண்டியை ஒரு தடவை முக்கி, கஞ்சியில் விட்டுக் கலக்கிக் குடித்துவிட்டு, "இப்ப சரியா இருக்கு," என்றான்.

கிரிஸலுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வீட்டுக்கு ஒரு நாள் கடல் வரும் என்று அவள் குடிவந்த நாளிலிருந்தே எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த வழியாக வரும் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

கிரிஸல் என்ற பெயர் நம் காதுக்கு விரிசல் மாதிரிக் கேட்கும்; அவளுடைய ஊரில் அது நல்ல பெயர்தான். ஊர் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரை. அங்கே நின்று பார்த்தால், வெயிலடிக்கிற நாளில், எதிரே அயர்லாந்தில் துணி காயப்போடுவது தெரியும் என்பார்கள்; கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள், ஆனால் ரொம்பக் கூட்டிச் சொல்லவில்லை. நானூறு வருஷத்துக்கு முந்தைய கதை இது. இரண்டு நாட்டுக்கும் அப்போது ஒரே அரசன். அயர்லாந்தின் வடக்கே இருந்த பழைய பிரபுக்கள் சண்டையில் தோற்றுக் கப்பலேறிப் போய்விட, அவர்கள் நிலத்தை அரசன் துண்டு போட்டுத் தனக்கு வேண்டியவர்களுக்குக் கொடுத்தான். வேண்டியவர்கள் ஸ்காட்லாந்துக்கு ஆளனுப்பி, அயர்லாந்தில் காலி நிலம் கிடக்கிறது, வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். மாடும் கலப்பையும் வெண்ணெய் கடைகிற மரத்தொட்டியுமாக ஜனங்கள் நீரிணையைத் தாண்டி வந்து பார்த்தால், காலி நிலத்தில் அடுப்புகள் புகைந்துகொண்டிருந்தன.

நுவாலா என்ற விதவையின் அடுப்பும் அப்படிப் புகைந்ததுதான். அந்த அடுப்பில்தான் இப்போது கிரிஸல் கஞ்சி காய்ச்சினாள்.

கடல் மறுநாளும் வந்தது. அதன் பிறகு தினமும் இரண்டு வேளை, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தள்ளித் தள்ளி, கரையோரத்தில் எப்படி ஏறி இறங்குமோ அப்படியே வந்தது. முதல் வாரம் அக்கம்பக்கத்து ஸ்காட்டுக் குடும்பங்கள் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போயின. இரண்டாவது வாரம் ஒருத்தி பானையோடு வந்து, "ஒரு பானை மொண்டுக்கட்டுமா, உப்பு காய்ச்சிப் பாக்கறேன்," என்றாள். அந்த மலையில் உப்பு என்பது பண்டிகைக்கு மட்டும் கண்ணில் படுகிற பொருள். மாதம் முடிவதற்குள் ஒவ்வொரு வீட்டிலும் பன்றிக்கறி உப்பில் கிடந்தது, வெண்ணெய் கெடாமல் இருந்தது, பெண்கள் கிரிஸல் வீட்டு ஏற்ற நேரத்தை வைத்துத் தங்கள் வேலைகளை மாற்றிக்கொண்டார்கள். ஏற்றத்துக்கு முன்னாடி வா, இறக்கத்துக்கு அப்புறம் துவைக்கலாம் என்று பேசிக்கொண்டார்கள், கண்ணை இறுக மூடிக்கொண்டே நீரிணையைத் தாண்டி வந்தவர்கள்கூட.

போதகருக்குத்தான் தலைவலி. அவர் வேதப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, செங்கடல் விலகிப் போனதற்கு ஆதாரம் இருக்கிறது, உள்ளே வந்ததற்கு இல்லை என்று சொன்னார். ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது என்று கேட்டார்கள். "ஞாயித்துக்கிழமை கடல் வந்தா அது கடலோட பாவம், நாம அள்ளினா நம்ம பாவம்," என்று தீர்ப்பானது. சதுப்போரத்துக் குடிசைகளில் ஒளிந்து பூசை வைத்துக்கொண்டிருந்த கத்தோலிக்கப் பாதிரியிடமும் விஷயம் போனது. அவரும் இது அற்புதமில்லை என்றே சொல்லி அனுப்பினார். அந்த இரண்டு சாமியார்களும் ஆயுசில் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

நிலப்பிரபுவின் காரியஸ்தர் பெயர் மங்கோ. மாங்காயை நினைக்க வேண்டாம், அவரிடம் புளிப்பு மட்டும்தான் உண்டு. அவர் கம்பால் ஆழம் பார்த்துவிட்டு, "குத்தகைப் பத்திரத்துல மண்ணு எழுதியிருக்கு, புல்லு எழுதியிருக்கு, கடல் எழுதல. அது எசமானுக்குச் சேரும்," என்றார். அன்றிலிருந்து காய்ச்சுகிற உப்பில் ஒரு பங்கு கோட்டைக்குப் போயிற்று.

அயர்லாந்துக்காரர்கள், அதாவது சரிவில் இருந்த நல்ல நிலத்தைவிட்டு மேலே சதுப்பு விளிம்புக்குத் தள்ளப்பட்டவர்கள், தங்கள் பழைய வயல்களுக்கே கூலிக்கு வந்துகொண்டிருந்தார்கள். கடல் வந்தபோது அவர்கள் ஆச்சரியப்படவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு வாசலுக்கு வெளியே நின்றார்கள். முதலில் உள்ளே காலெடுத்து வைத்தவள் ஊனா என்ற கூலிக்காரி. ஸ்காட்டுப் பெண்கள் சிவப்புப் பாசியை எருவுக்குப் போடுவதைப் பார்த்து வயிறெரிந்துபோய், அதைப் பிடுங்கி, அலசி, கல்லில் விரித்துக் காயவைத்து, அவர்கள் வாயில் ஒரு துண்டைத் திணித்தாள். அதற்குப் பிறகு இரண்டு ஜாதிப் பெண்களும் பாவாடையைச் செருகிக்கொண்டு ஒரே தண்ணீரில் குனிந்தார்கள். பிள்ளைகள் நண்டுக்கு இரண்டு பாஷையிலும் பெயர் கற்றுக்கொண்டன. தண்ணீருக்குள் நிற்கும்போது யார் நிலத்தில் யார் நிற்கிறார்கள் என்ற கேள்வி எழவில்லை.

எல்லாருக்கும் நல்லதாகவே வந்த அந்தக் கடல் கிரிஸலுக்கு மட்டும் வேறு ஒன்றையும் கொண்டுவந்தது. ஒரு நாள் இறக்கத்துக்குப் பிறகு அடுப்பின் வலது பக்கம் ஒரு மர அகப்பை கிடந்தது. அவளுடையது அல்ல. அதற்கு நேர் மேலே சுவரில் ஒரு ஆணி. குடிவந்த நாளிலிருந்து எதையும் மாட்டாமல், பிடுங்கவும் மனமில்லாமல் விட்டிருந்த ஆணி. அடுத்த வாரம் முக்காலி ஒன்று வந்து, தரையில் மூன்று குழிகள் பதிந்திருந்த இடத்திலேயே உட்கார்ந்தது. ஒவ்வொன்றையும் பிறர் கண்ணில் படுவதற்குள் எடுத்துக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். பாத்திரத்துக்கு வீடு தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் என்ன செய்தாள் என்று சொல்ல வேண்டுமானால், முதலில் அந்த மொழியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கிரிஸலின் தாய் நீரிணையோரத்துக்காரி. அந்தக் கரையின் பழைய மொழியும் அயர்லாந்தின் மொழியும் ஒன்றுதான். நடுவில் கொஞ்சம் தண்ணீர், அதனால் சில சொற்களில் கொஞ்சம் பிசகு. நமக்குத் தெரியாததா? நம் கரையில் பேசினால் பேச்சு, எதிர்க்கரையில் பேசினால் திட்டு. அவர்கள் கதைத்தால் நாம் கதை கேட்கத் தயாராகி உட்கார்ந்துகொள்வோம். அந்த அயர்லாந்துப் பேச்சை இங்கே எதிர்க்கரைத் தமிழில்தான் கேட்க வேண்டும், வேறு வழியில்லை. கிரிஸலின் தகப்பன் வேறு பாஷைக்காரன், சமவெளி ஸ்காட்டு. அவர்களுக்கு அந்தப் பழைய மொழி காட்டான் மொழி. அதனால் அவள் தாயோடு மட்டும், அதுவும் மாட்டுத் தொழுவத்தில் மட்டும், அதைப் பேசி வளர்ந்தாள்.

நுவாலாவைக் காலி செய்யச் சொன்ன நாளில் மொழிபெயர்க்க வேண்டியவன் குடித்துவிட்டு எங்கோ கிடந்தான். மழை. கில்பர்ட்டும் கிரிஸலும் வண்டியோடு வாசலில் காத்திருந்தார்கள். வண்டிக்குள் ஈரப் போர்வைக்கடியில் அவர்களுடைய கைக்குழந்தை ஜோனட், நெஞ்சு விசிலடிக்க இருமிக்கொண்டிருந்தாள். மங்கோ கத்துகிறார், நுவாலா இடுப்பில் கைவைத்துக்கொண்டு அசையாமல் நிற்கிறாள், அவளுடைய மகள் ஆன்யாவும் சின்ன மகன் ஃபெலிமும் தாயின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பொறுக்க முடியாமல் கிரிஸல், "எனக்கு அந்த பாஷை கொஞ்சம் வரும்," என்று வாயைத் திறந்துவிட்டாள்.

"அப்ப சொல்லு," என்றார் மங்கோ. "இங்க இடம் இல்ல. எங்க போறதுன்னு கேட்டா, முன்னால கடல் இருக்கு, போகச் சொல்லு."

குத்தலான பேச்சு. அதை அப்படியே சொல்ல அவளுக்குக் கூசியது. குத்தலை எடுத்துவிட்டு மீதியைச் சொன்னாள். "அக்கா, இங்க இடமில்லையாம். உங்களுக்குக் கூவன்தான் இருக்குன்னு சொல்றாரு."

கூவன். கிரிஸலின் தாய் வாயில் அது நடுக்கடல். கரை தெரியாத, அடி தெரியாத தண்ணீர். அயர்லாந்தில் அதே சொல்லுக்குத் துறை என்று பொருள், படகு ஒதுங்குகிற இடம், காற்றுக்கு மறைவான இடம். அந்தக் கோடையில்தான் பிரபு ஆற்றுமுகத்தில் துறை கட்டப்போகிறார், அங்கே குடிசை போட ஆள் தேடுகிறார் என்று ஊரில் ஒரு வதந்தி ஓடிக்கொண்டிருந்தது.

நுவாலாவின் முகம் மலர்ந்தது. "கூவனோ? எங்களுக்குக் கூவனிலயோ இடம்?" என்று கேட்டாள். "அதை முதலே சொல்லியிருக்கலாமே. பிள்ளையளும் மீன் தின்னுங்கள். நாங்கள் போறம், தங்கச்சி."

கிரிஸலுக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. அது இல்லக்கா, நான் சொன்னது கடல் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சொன்னால் இவள் தரையில் உட்கார்ந்துகொள்வாள். கோட்டைக்கு ஆளனுப்பி, உத்தரவு வாங்கி, சிப்பாய் வந்துசேர இரண்டு நாளாகும். இரண்டு நாளும் மழையில் வண்டி. வண்டிக்குள் ஜோனட் இருமினாள். கிரிஸல் வாயை மூடிக்கொண்டாள்.

நுவாலா மூட்டை கட்டினாள். அன்று மாலையே கிரிஸலின் குழந்தை அடுப்போரத்தில், காய்ந்த வைக்கோலில் தூங்கியது. ஒரு வாரத்தில் இருமலும் நின்றது.

குளிர்காலம் பாதியில் ஊனா சேதி கொண்டுவந்தாள். கிரிஸலுக்கு மொழி தெரியும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் நேராக முகத்தைப் பார்த்தே சொன்னாள். "நுவாலாக்குத் துறையில ஒருத்தரும் இடம் குடுக்கேல்லையாம். அக்கரையில சொந்தம் இருக்கு, போவம் எண்டு பிள்ளையளோட வள்ளமேறினவளாம். பிறகு ஆரும் காணேல்லை."

அதாவது கூவனை நம்பிப் போனவள் கூவனிலிருந்து கூவனுக்கே போய்விட்டாள். கிரிஸல் ஊனாவை வெறித்துப் பார்த்து, ஸ்காட்டில், "நீ என்ன சொல்றேன்னு புரியல. எனக்கு உங்க பாஷை மறந்துபோச்சு," என்றாள். அதன் பிறகு தன் தாயின் மொழியில் அவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. மாட்டிடம்கூட ஸ்காட்டில்தான் பேசினாள்; மாடு பால் குறைத்தது.

இப்படி இரண்டு குளிர்காலம் போன பிறகுதான் கடல் வந்தது. அகப்பை வந்தது, முக்காலி வந்தது, எலும்புச் சீப்பு வந்தது, பாதி மெழுகுவர்த்தி வந்தது. ஒரு நாள் காலை ஒரு சின்னச் செருப்பு வந்தது, இடது காலுக்கு, ஃபெலிமின் வயசுப் பிள்ளைக்கு. கிரிஸல் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஏற்றத் தண்ணீரில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மூணு வயசாகி, கொழுகொழுவென்று ஆகியிருந்த ஜோனட், "அம்மா, எனக்குச் சேருமா?" என்று காலை நீட்டினாள். வாழ்க்கையில் முதன்முறையாகக் கிரிஸல் குழந்தையை அடித்தாள். அடித்துவிட்டு அவளே அழுதாள்.

அந்தச் சமயத்தில்தான் மங்கோவுக்கு ஒரு யோசனை பிறந்தது. தினமும் ஏற்றமும் இறக்கமும் இருக்கிற இடத்தைச் சும்மா வீடு என்று விட்டுவைத்தால் பிரபுவுக்கு நஷ்டம். இதைத் துறை என்று அறிவித்துவிட்டால் வருமானமும் உண்டு, மதிப்பும் உண்டு. துறைக்கு ஒரு பெயர் வேண்டும். அயர்லாந்துப் பெயர்களை அரைகுறையாகக் காதில் வாங்கி எழுதிக்கொள்வது அந்தக் காலத்துக் காரியஸ்தர்களின் வழக்கம், அவர் ஊனாவைக் கூப்பிட்டு, கையால் அலையடித்துக் காட்டி, படகு கட்டுவது போலக் காட்டி, "இதுக்கு உங்க பாஷையில என்ன?" என்றார்.

"கூவன்," என்றாள் ஊனா, கிரிஸலைப் பார்த்துக்கொண்டே.

"அப்படின்னா என்ன அர்த்தம்?" என்று மங்கோ கிரிஸலிடம் கேட்டார்.

"மறந்துபோச்சுங்க," என்றாள் கிரிஸல்.

மறுநாள் வாசலுக்கு மேலே 'கூவன்' என்று எழுதிய பலகை ஏறியது. வீட்டின் நடுவே படகு கட்டுவதற்கு ஒரு கட்டையும் நட்டார்கள். கில்பர்ட் அந்தக் கட்டையில் தன் சட்டையை மாட்டிவைத்தான். கிரிஸல் அந்த வாசல் வழியாகப் போவதையே விட்டாள். பின்பக்கத் தொழுவத்தைச் சுற்றிக்கொண்டு போனாள். ஏன் இப்படி என்று கேட்ட புருஷனிடம் ஒரு நாள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவன், "வெளிய சொல்லிடாத," என்றான். "சொன்னா வீடு போயிடும், ஜோனட்டை எங்க வெச்சுக் காப்பாத்தறது?" அவன் சொன்னது நியாயம்தான், அன்றைக்கும் நியாயம் இப்படித்தான் இருந்தது என்று அவளுக்குத் தோன்றியது.

பௌர்ணமிக்கு மறுநாள் பெரிய ஏற்றம். வீடு நிறையப் பெண்கள், முழங்கால் தண்ணீரில். புதிய துறையைப் பார்வையிட மங்கோ வந்திருந்தார், போதகரையும் கூட்டிக்கொண்டு. அப்போது அடுப்புச் சுவர் இருந்த பக்கத்திலிருந்து, சுவர் இடியாமல், விலகாமல், தோல் போர்த்திய ஒரு வள்ளம் உள்ளே வந்தது. துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தவள் நுவாலா. தலைமுடி உப்புப் பூத்து வெளுத்திருந்தது. பின்னால் ஆன்யா, நெடுநெடுவென்று வளர்ந்தவள், ஓட்டைக் கிண்ணத்தால் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். நடுப்பலகையில், ஃபெலிம் உட்காரவேண்டிய இடத்தில், ஒரு மடித்த கம்பளி மட்டும் இருந்தது. பெண்கள் நகர்ந்து வழிவிட்டார்கள். ஒருத்தி வள்ளத்தின் கயிற்றைப் பிடித்துக் கட்டையில் போட, கில்பர்ட்டின் சட்டையை எடுத்து அவன் தோளில் போட்டாள்.

நுவாலா எல்லா முகங்களையும் பார்த்தாள். கடைசியில் அவள் பார்வை கிரிஸலிடம் வந்து நின்றது.

"இது கூவனோ, தங்கச்சி?" என்று கேட்டாள்.

"என்ன கேக்குறா?" என்றார் மங்கோ. "உனக்குத்தான் அந்த பாஷை வருமே. மறந்ததுல மிச்சம் மீதி இருந்தா சொல்லு."

கில்பர்ட் கிரிஸலைப் பார்த்து மெல்லத் தலையசைத்தான், வேண்டாம் என்று. இல்லை என்றால் வள்ளம் திரும்பிப் போய்விடும், வீடு நிலைக்கும். ஆமாம் என்றால் இவர்கள் இறங்குவார்கள், பிறகு இது யார் வீடு என்ற கேள்வி இறங்கும். இந்த இரண்டையும் தாண்டி மூன்றாவதாக ஒரு பதில், அன்று நான் சொன்னது கடலைத்தான் என்கிற பதில், அவள் தொண்டையில் மீன் முள்ளாக நின்றது. அதை அவளால் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

"ஆமாக்கா," என்றாள், வருஷக்கணக்கில் பேசாத மொழியில், குரல் கீறலாக வந்தது. "இதுதான் கூவன். இறங்குங்க."

பிறகு மங்கோவிடம் திரும்பி, "துறையான்னு கேட்டாங்க, ஆமான்னேன்," என்றாள். "பலகை நீங்கதான் அடிச்சீங்க. துறைக்கு வந்த படகைத் திருப்பி அனுப்புற வழக்கம் உங்க ஊர்ல உண்டாங்க?"

மங்கோ பலகையைப் பார்த்தார், போதகரைப் பார்த்தார். போதகர், கடலில் தவித்து வந்தவர்களைத் துரத்தினால் நமக்கும் மிருகத்துக்கும் என்ன வித்தியாசம் என்று சொல்லிவிட்டார். ஊனா வாய்விட்டு அழுதாள். ஸ்காட்டுப் பெண்கள் கிரிஸலைக் கட்டிக்கொண்டு, உனக்குத்தான் என்ன மனசு, என்ன சாமர்த்தியம் என்றார்கள். அந்தப் பாராட்டு ஒவ்வொன்றும் அவளுக்கு அறை விழுந்தது போலிருந்தது. செய்த குற்றத்துக்குத் திட்டு வாங்கவேண்டிய நாளில் அவள் நல்லவள் என்று பெயர் வாங்கிவிட்டாள்.

அன்று இறங்கிய கடல் திரும்ப வரவில்லை. வள்ளம் வீட்டின் நடுவில் தங்கிவிட்டது. வாசலைவிட அகலமாக இருந்ததால் வெளியே எடுக்கவும் முடியவில்லை. அதையே தடுப்பாக வைத்து இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம் என்று ஆனது. மங்கோ இரண்டு பக்கத்துக்கும் குத்தகை போட்டார். உப்பு நின்றுபோனதில் ஊருக்குக் கொஞ்சம் வருத்தம். வந்தவள் கால்பட்டுத்தான் கடல் வற்றிப்போச்சு என்று சிலர் முணுமுணுத்தார்கள். பிறகு பனி விழுந்தது, வேறு கவலைகள் வந்தன.

கிரிஸல் கட்டிலுக்கடியிலிருந்ததை எல்லாம் எடுத்து வெளியே வைத்தாள். நுவாலா அகப்பையை வாங்கி, சுவரைத் திரும்பிப் பாராமலே கையை நீட்டி ஆணியில் மாட்டினாள். முக்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அந்தச் சின்னச் செருப்பை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு, அது காய்கிறவரை எழுந்திருக்கவில்லை. அந்தக் குளிர்காலம் முழுவதும் ஒரே நெருப்பில் இரண்டு பானைகள் கொதித்தன. ஆன்யா ஜோனட்டுக்குத் தலைவாரினாள். நுவாலா கிரிஸலோடு மாட்டைப் பற்றிப் பேசினாள், மாவைப் பற்றிப் பேசினாள், கோபமாக ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று கிரிஸல் தினமும் காலையில் நினைப்பாள். தினமும் ஏதாவது ஒரு வேலை வந்துவிடும். வேலைக்கா பஞ்சம், மனசில்லாதவளுக்கு?

மே மாதம் இருவரும் மேலே சதுப்புக்குப் போனார்கள். காட்டு விறகு பிரபுவுக்குச் சேரும், ஜனங்களுக்கு இல்லை. சதுப்பு மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி வெயிலில் காயவைத்துத்தான் எரிப்பார்கள். நல்ல வெளிச்சம். கீழே வீடும், வீட்டிலிருந்து ஆற்றுமுகத்துக்குப் போகிற பாதையும், தூரத்தில் கடலும் தெரிந்தன. கிரிஸல் மண்கட்டியைக் கீழே வைத்தாள்.

"அக்கா, அன்னைக்கு நான் சொன்னேனே ஒரு வார்த்தை, எங்க கரையில அதுக்கு அர்த்தம்..."

"கடல்," என்றாள் நுவாலா.

கிரிஸல் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ர மாமியார் உங்கட கரைப் பொம்பிளை. எனக்கு அண்டைக்கே விளங்கினது, தங்கச்சி," என்றாள் நுவாலா, ஈரக் கட்டிகளைச் சாய்த்துச் சாய்த்து அடுக்கிக்கொண்டே. "பிள்ளையள் ரெண்டும் என்ர முகத்தைப் பாத்துக்கொண்டு நிண்டதுகள். நான் சிரிக்காமல் விட்டால் அதுகள் நடக்காதுகள். அதுதான் சிரிச்சனான். துறையிலயும் போய்க் கேட்டுப் பாத்தனான், ஆரும் இரங்குவினமோ எண்டு."

"நான் தெரிஞ்சேதான் பேசாம இருந்தேன்க்கா. நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்கன்னு தெரிஞ்சு..."

"அதுவும் தெரியும். உன்ர முகத்தில கண்டனான்."

"அப்புறம் ஏங்க்கா ஒண்ணுமே கேக்காமப் போனீங்க?" கிரிஸலின் குரல் உடைந்துவிட்டது. "என்னை நாலு அறை அறைஞ்சிருக்கலாமே."

நுவாலா நிமிர்ந்து, கீழே பாதையைப் பார்த்தாள். வீட்டிலிருந்து கொஞ்ச தூரம் நேராகப் போய், பிறகு ஒரு பாறையைச் சுற்றி வளைந்து அது மறைகிற இடத்தைக் கையால் காட்டினாள்.

"நீ கூப்பிடுவாய் எண்டு நினைச்சனான்," என்றாள். "அந்த வளைவு வரைக்கும் மெதுவாத்தான் நடந்தனான்."

கிரிஸல் ஈர மண்ணில் முகம் புதைத்து அழுதாள். நுவாலா அவளைத் தேற்றவில்லை. எழுந்து போகவும் இல்லை. வெயில் சாய்கிறவரை மண்கட்டிகளை அடுக்கிக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாள்.